ஃப்ரீபிஎஸ்டியின் வளரும் கிளையைப் பின்தொடர்வது: எந்தக் கிளை, எந்த வழி?

யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி ஓடும் கணினியில் அடுத்த வெளியீடு வரும்வரை காத்திருக்க முடியாத நிலை சில சமயம் வரும். புது மடிக்கணினியின் வைஃபை டிரைவர், புது மாற்றங்கள் முதலில் போகும் மெயின் கிளையில் (கரண்ட் என்றும் சொல்வார்கள்) சேர்ந்துவிட்டது, கையிலுள்ள வெளியீட்டில் இல்லை. அல்லது உங்களைப் படுத்தும் ஒரு பிழைக்குத் திருத்தம் வந்துவிட்டது, ஆனால் அது வெளியீடாக வர இன்னும் மாதங்கள் ஆகும். இல்லையென்றால், இயங்குதளத்தின் மையமான கெர்னலில் நீங்களே ஏதோ எழுதிப் பார்க்க நினைக்கிறீர்கள்.

அப்போது எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. எந்தக் கிளையைப் பின்தொடர்வது என்பது ஒன்று. அதை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவுவதா, ஆயத்த பேக்கேஜாக இறக்கிக்கொள்வதா என்பது இன்னொன்று. ‘கரண்ட் ஓட்டுவது என்றால் மணிக்கணக்கில் தொகுக்க வேண்டும்’ என்ற நினைப்பு இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால் வருகிறது. இரண்டுக்கும் முன்னால் தீர்க்க வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு: புதுப்பித்தது சரியில்லை என்றால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்ப உங்களிடம் வழி இருக்கிறதா? அதற்கான பதிலைப் பொறுத்தே மற்ற இரண்டும் அமையும்.

கிளைகள்

எல்லா மாற்றமும் முதலில் மெயின் கிளைக்குள் போகிறது. அதன் இப்போதைய பெயர் 16-கரண்ட். 15.0 வெளியீடு 2025 டிசம்பரில் வந்தது. அதற்காகச் சில மாதங்கள் முன்பே, 15 வரிசைக்கான ஸ்டேபிள்/15 கிளை தனியாகப் பிரிந்துவிட்டது. மெயினில் ஒரு மாற்றத்தைச் சேர்ப்பவர் அதைப் பழைய கிளைக்கும் கொண்டுபோக நினைத்தால், கமிட் குறிப்பிலேயே (மாற்றத்தோடு சேரும் விளக்கம்) ‘எம்எஃப்சி ஆஃப்டர்’ என்று எழுதி (எம்எஃப்சி என்பது ‘மெர்ஜ் ஃப்ரம் கரண்ட்’, மெயினிலிருந்து பழைய கிளைக்கு இறக்குவது) மூன்று நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று அவகாசம் போடுவார். அந்த அவகாசத்துக்குள் மெயினில் யாருக்கும் தொல்லை வராவிட்டால் அது ஸ்டேபிளுக்கு இறங்கும். ஸ்டேபிளிலிருந்து வெட்டப்படும் ரெலெங் எனும் வெளியீட்டுக் கிளைகளுக்குள் பாதுகாப்புத் திருத்தங்களும் கடும் பிழைகளுக்கான திருத்தங்களும் மட்டுமே போகும்.

ஸ்டேபிள் என்ற பெயர் ஏமாற்றக்கூடியது. ஸ்டேபிள்/14-இல் தொகுத்த நிரல் அந்தக் கிளை முழுவதும் ஓட வேண்டும், அதாவது பைனரி இடைமுகம் மாறக்கூடாது என்பதே அந்தப் பெயர் தரும் உறுதி. கிளையின் இன்றைய நுனி சோதித்து முடிக்கப்பட்டது என்ற உறுதி அதில் இல்லை. அதுவும் வளரும் கிளைதான், மெயினைவிட மெதுவாக வளர்கிறது. ஸ்டேபிள்/14-க்கு 2028 நவம்பர் வரையும், ஸ்டேபிள்/15-க்கு 2029 டிசம்பர் வரையும் ஆதரவு உண்டு. 15-இலிருந்து ஒரு பெருங்கிளையின் ஆயுள் ஐந்து ஆண்டிலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டிருக்கிறது.

வெளியீட்டிலேயே இருப்பது

இதை விரைவாகச் சொல்லிவிடலாம். சர்வர் ஓடுகிறது, பணம் அதை நம்பியிருக்கிறது, அதில் இல்லாத எந்த வசதியும் உங்களுக்குத் தேவையில்லை என்றால் வெளியீட்டிலேயே இருங்கள். ‘ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் ஃபெட்ச்’, பிறகு ‘இன்ஸ்டால்’, அவ்வளவே. இந்தக் கருவி வெளியீடுகளுக்கும் அவற்றின் பீட்டா, ஆர்சி நிலைகளுக்கும் மட்டுமே வேலை செய்யும். ஸ்டேபிளிலோ கரண்டிலோ ஓட்டினால் உதவாது. 15.0-ஐ பேக்கேஜ் முறையில் நிறுவியிருந்தால் அங்கும் இது செல்லாது, ‘பிகேஜி’ கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு புள்ளி வெளியீட்டுக்கான (14.1, 14.2 போன்றது) ஆதரவு, அடுத்த புள்ளி வெளியீடு வந்து மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஸ்டேபிளை மூலநிரலிலிருந்து தொகுப்பது

ஒரு குறிப்பிட்ட திருத்தம் எம்எஃப்சி ஆகிவிட்டது, அடுத்த புள்ளி வெளியீடு தொலைவில் இருக்கிறது என்ற நிலைக்கு இது சரியான வழி. பைனரி இடைமுகம் மாறாது என்பதால் வெளியீட்டுக்கான பேக்கேஜ்கள் பெரும்பாலும் அப்படியே ஓடும். விதிவிலக்கு கெர்னலோடு இணையும் டிரைவர் போன்ற கெர்னல் மாட்யூல்கள், அவற்றைப் பிறகு பார்ப்போம்.

‘கரண்டுக்குப் போகத் துணிவில்லை, ஆனால் புதிதாக ஏதாவது வேண்டும்’ என்ற காரணத்துக்காக மட்டும் ஸ்டேபிளைத் தொகுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உழைப்பு கரண்டுக்கு ஆவது போலவே ஆகும்: அதே தொகுப்பு நேரம், அதே நிறுவல் வரிசை, அதே கோப்பு இணைப்புத் தொல்லை. கிடைப்பதோ பல வாரங்கள் முன்பே மெயினில் இருந்த மாற்றங்கள். ஸ்டேபிள் நுனியை ஓட்டிப் பார்க்கும் கைகளும் குறைவு. மெயினைத் தினமும் ஓட்டுபவர்கள் அதை உருவாக்குபவர்களே, அதனால் அங்கே உடைந்தது சில மணி நேரத்தில் கண்ணில் படும். ஸ்டேபிளுக்குத் தவறாக இறங்கிய இணைப்பு அதைவிட நாள் கடந்தும் தெரியாமல் இருக்கலாம்.

மெயினை மூலநிரலிலிருந்து தொகுப்பது

மெயின் ஏதோ விளையாட்டுக்கான கிளை என்று நினைக்க வேண்டாம். நெட்ஃப்ளிக்ஸின் வீடியோ பரிமாறும் ஓப்பன் கனெக்ட் சர்வர்கள் மெயினைப் பின்தொடர்ந்துதான் ஓடுகின்றன. பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலும் இப்போது மெயினை அடிப்படையாகக் கொண்டதே. ஆனால் அந்த நிறுவனங்கள் தாங்கள் சோதித்துத் தேர்ந்த ஒரு புள்ளியில் நின்று, அதற்கு மேல் தங்கள் திருத்தங்களைச் சேர்த்துக்கொள்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு அன்றைய நுனியை இறக்குவதில்லை. தனியாள் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டியதும் அதைத்தான்.

முதலில் மூலநிரல். பதிப்பு மேலாண்மைக் கருவிகளில் 2008 வரை சிவிஎஸ், பிறகு சப்வெர்ஷன் என்று போய், 2020 டிசம்பரில் மூலநிரல் கிட்டுக்கு மாறியது. ‘கிட் குளோன் -பி மெயின்’ என்று கொடுத்து /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சி அடைவுக்குள் முழு வரலாற்றோடு இறக்குங்கள். இடத்தை மிச்சப்படுத்த ‘--டெப்த் 1’ போடலாம் என்று தோன்றும். அதில் இரண்டு இழப்பு. ‘யூநேம் -ஏ’ காட்டும் கமிட் வரிசை எண் (என் என்ற எழுத்தோடு தொடங்குவது) வராது. ஏதாவது உடைந்தால், எந்த மாற்றம் உடைத்தது என்று ‘கிட் பைசெக்ட்’ வைத்துத் தேடவும் முடியாது. மூலநிரலிலிருந்து தொகுப்பதன் பெரிய பயனே பைசெக்ட்தான், அதை இரண்டு ஜிபி இடத்துக்காக விட்டுவிடக்கூடாது. மூலநிரலுக்கும் தொகுப்பு வெளியீட்டுக்கும் சேர்த்து 20 ஜிபி காலியாக வைத்துக்கொண்டால் நெருக்கடி வராது.

ஒவ்வொரு முறையும் ‘கிட் புல் --எஃப்எஃப்-ஒன்லி’ செய்த பிறகு, தொகுக்கத் தொடங்கும் முன் /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சி/அப்டேட்டிங் கோப்பைத் திறந்து, கடைசியாக நீங்கள் புதுப்பித்த தேதிக்கு மேலே உள்ள எல்லாக் குறிப்புகளையும் படியுங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் வாங்கிக் கட்டிக்கொள்பவர்களே அதிகம்.

அடுத்து வரும் கட்டளைகளின் வரிசை மாறக்கூடாது: ‘மேக் -ஜே8 பில்ட்வேர்ல்ட்’, ‘மேக் -ஜே8 பில்ட்கெர்னல்’, ‘மேக் இன்ஸ்டால்கெர்னல்’, ரீபூட், ‘எட்சிஅப்டேட் -பி’ (சிறிய எழுத்து p), ‘மேக் இன்ஸ்டால்வேர்ல்ட்’, ‘எட்சிஅப்டேட் -பி’ (இந்த இரண்டாவது பெரிய எழுத்து B), ‘மேக் டெலீட்-ஓல்ட்’, மறுபடி ரீபூட். எட்சிஅப்டேட் என்பது /எட்சி அடைவின் அமைப்புக் கோப்புகளைப் புதுப்பிக்கும் கருவி. அதன் இரண்டு ‘பி’-க்களும் வேறு வேறு: சிறிய எழுத்து, நிறுவலுக்கு முன் கட்டாயம் வேண்டிய பயனர், குழுக் கோப்புகளை மட்டும் கவனிக்கும். பெரிய எழுத்து, ஏற்கெனவே தொகுத்து வைத்ததை மறுபயன்படுத்தி மீதி எல்லாவற்றையும் இணைக்கும்.

கெர்னல் ஏன் முதலில்? புது கெர்னல் பழைய யூசர்லேண்டைத் (கெர்னல் தவிர்த்த அடிப்படை நிரல்கள், கட்டளைகளில் ‘வேர்ல்ட்’ என்பதும் இதுவே) தாங்கும். பழைய கெர்னலுக்குப் புது யூசர்லேண்ட் கேட்கும் சிஸ்டம் கால் தெரியாது. 2017 மே மாதத்தில் ஐநோடு எண்கள் 64 பிட்டாக மாறியது இதற்கான பாடம். புது கெர்னலில் பூட் செய்யாமல் ‘இன்ஸ்டால்வேர்ல்ட்’ கொடுத்தால், நிறுவல் பாதியில் இருக்கும்போதே ‘எல்எஸ்’, ‘சிபி’ போன்ற கருவிகள் ‘பேட் சிஸ்டம் கால்’ என்று செத்துப்போகும். பாதி புதிது, பாதி பழையது என்ற நிலையில் நிற்கும் கணினியை மீட்பது கடினம். அந்த மாற்றத்துக்கான அப்டேட்டிங் குறிப்பு இதை வெளிப்படையாகவே எச்சரித்திருந்தது.

‘எட்சிஅப்டேட் -பி’ ஏன் நிறுவலுக்கு முன்? 2018 ஜூலையில் என்டிபிடி என்ற புதுப் பயனர், 123 என்ற எண்ணோடு சேர்க்கப்பட்டார். நிறுவலின்போது கோப்புகளுக்கு உரிமையாளரை ஒதுக்க அந்தப் பெயர் முன்பே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நிறுவல் பாதியில் நிற்கும்.

எட்சிஅப்டேட்டில் முதல்முறை பயன்படுத்துவோர் விழும் குழி ஒன்று உண்டு. அது மூன்று பிரதிகளை ஒப்பிடுகிறது: பழைய மூலக் கோப்பு, புது மூலக் கோப்பு, நீங்கள் மாற்றிய கோப்பு. பழையது எது என்று அதற்குத் தெரிய ஒரு தொடக்கப் பிரதி வேண்டும். அது இல்லாவிட்டால் ‘எட்சிஅப்டேட் எக்ஸ்ட்ராக்ட்’ கொடுக்க வேண்டும். இதை, இப்போது நிறுவியிருக்கும் பதிப்புக்குரிய மூலநிரலை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். புது மூலநிரலை இறக்கியபின் செய்தால், புதுக் கோப்பையே பழையது என்று எண்ணி, இடைப்பட்ட மாற்றங்களை விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, ஏதோ ஒரு சேவை மட்டும் பிறகு தொடங்காமல் போகும். முரண்பாடு வந்தால் ‘எட்சிஅப்டேட் ரிசால்வ்’ ஒவ்வொன்றாகக் காட்டும். ‘>>>>>>>’ குறிகள் கோப்புக்குள் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்சி ஸ்கிரிப்ட் ஒன்றில் அவை இருந்தால் பூட்டே நிற்கலாம். இதே வேலைக்கான பழைய கருவி மெர்ஜ்மாஸ்டரைச் சொல்லும் வழிகாட்டிகள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன, அவற்றைத் தவிருங்கள்.

தொகுப்பு எங்கே தடுக்கும்

பில்ட்வேர்ல்டின் நேரத்தில் பெரும்பங்கை விழுங்குவது, கூடவே வரும் கம்பைலரான எல்எல்விஎம், கிளாங் தொகுப்பு. எட்டு கோர் உள்ள புதுக் கணினியில் மொத்த வேலையும் ஒரு மணி நேரத்துக்கு முன்பின் முடியும். பழைய இரண்டு கோர் மடிக்கணினியில் ஒரு பகல் பொழுது போகலாம். ராம் குறைவாக இருந்து ‘-ஜே’ எண் அதிகமாக இருந்தால், கிளாங் கோப்புகளைத் தொகுக்கும்போதோ இணைக்கும்போதோ கெர்னல் அந்த வேலைகளைக் கொன்றுவிடும். திரையில் கம்பைலர் பிழை போலத் தெரியும். ‘டிமெஸ்ஜி’ கொடுத்துப் பார்த்தால் ‘கில்ட்: ஃபெயில்ட் டு ரீக்ளெய்ம் மெமரி’ என்று நிற்கும். ஒரு வேலைக்கு ஒரு ஜிபி வீதம் கணக்கு வைத்து எண்ணைத் தேர்ந்தெடுத்தால் இது வராது. 4 ஜிபி உள்ள கணினியில் ‘-ஜே3’ அல்லது ‘-ஜே4’ போதும், சிறிது ஸ்வாப்பும் வையுங்கள்.

அடிக்கடி புதுப்பிப்பவர்கள் /எட்சி/எஸ்ஆர்சி-என்வி.கான்ஃப் கோப்பில் ‘வித்_மெட்டா_மோட்=யெஸ்’ என்று போட்டு, ‘கேஎல்டிலோட் ஃபைல்மான்’ கொடுத்துவிடலாம். எந்தக் கோப்பு எதைத் தொட்டது என்பதை ஃபைல்மான் பதிந்துகொள்வதால், அடுத்த முறை மாறியது மட்டுமே மறுபடி தொகுக்கப்படும். எல்எல்விஎம் மாறாத வாரங்களில் சில நிமிடத்திலேயே முடிந்துவிடும். இந்த வரி எஸ்ஆர்சி.கான்ஃப் கோப்பில் இருந்தால் வேலை செய்யாது, எஸ்ஆர்சி-என்வி.கான்ஃப்தான் அதன் இடம். இந்த வசதி இருக்கும்போது கிளாங்கை ‘வித்தவுட்’ போட்டுக் கழற்றிவிட்டு நேரம் மிச்சம் பிடிப்பது வீண். அடுத்த முறை தொகுக்கக் கம்பைலரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

நிறுவலின்போது ‘பெர்மிஷன் டினைட்’ வந்தால் /டிஎம்பி அடைவு ‘நோஎக்ஸெக்’ என்று மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்ஸ்டால்வேர்ல்ட் தனக்கு வேண்டிய கருவிகளை அங்கே வைத்து ஓட்டுகிறது. செக்யூர்லெவல் (கெர்னலின் பாதுகாப்பு நிலை) சுழியத்துக்கு மேல் இருந்தாலும் பூட்டிய கோப்புகளை மாற்ற முடியாமல் நிற்கும். கணினியின் கடிகாரம் பின்தங்கியிருந்தால், ஏற்கெனவே தொகுத்ததை மறுபடி தொகுக்க முயலும்.

மெயினின் ஜெனரிக் கெர்னல் வேகத்தைக் குறைக்கும் சோதனைகளோடு வரும். விட்னஸ், இன்வேரியன்ட்ஸ் இரண்டும் இயக்கப்பட்டிருக்கும். பூட்டு வரிசைப் பிழைகளைப் பிடிக்க அவை வேண்டும், ஆனால் அன்றாட வேலையில் மந்தம் நன்றாகவே தெரியும். ‘கெர்ன்கான்ஃப்=ஜெனரிக்-நோடிபக்’ என்று தொகுத்தால் அது நீங்கும். யூசர்லேண்டில் மெமரி ஒதுக்கும் நிரலும் சோதனை முறையில்தான் இருக்கும், அதற்கு எஸ்ஆர்சி.கான்ஃபில் ‘வித்_மல்லாக்_ப்ரொடக்‌ஷன்=யெஸ்’. ‘கரண்ட் மெதுவாக இருக்கிறது’ என்ற புகாரைச் சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள். பிழை கண்டுபிடித்து அறிக்கை தருவதே நோக்கம் என்றால் மட்டும் சோதனைகளை விட்டுவையுங்கள்.

பேக்கேஜாக வரும் மெயின்

தொகுக்கவே வேண்டாம் என்ற வழி இப்போது முழுதாக உருவாகிவிட்டது. அடிப்படை அமைப்பையே பேக்கேஜ்களாகப் பிரித்துத் தரும் பிகேஜிபேஸ் முறை 15.0-இன் நிறுவல் நிரலிலேயே ஒரு தேர்வாக வருகிறது. மெயினுக்கான ‘பேஸ்_லேட்டஸ்ட்’ ரெப்போ (பேக்கேஜ் களஞ்சியம்) நாளுக்கு இருமுறை புதுப்பிக்கப்படுகிறது, ‘பேஸ்_வீக்லி’ வாரம் ஒருமுறை. ரெப்போவை இயக்கிவிட்டு ‘பிகேஜி அப்கிரேட் -ஆர் ஃப்ரீபிஎஸ்டி-பேஸ்’ என்றால் கெர்னலும் யூசர்லேண்டும் சில நிமிடத்தில் வந்து இறங்கும். இரண்டு கோர் மடிக்கணினிக்கும் சிறிய எஸ்எஸ்டிக்கும் இதுவே சரி.

இதில் இரண்டு இடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். ஏற்கெனவே ஓடும் அமைப்பை பிகேஜிபேஸாக மாற்றும்போது, பேக்கேஜ் முறைக்கு உங்கள் பழைய /எட்சி கோப்புகள் யாருடையவை என்று தெரியாது. அவற்றை ‘.பிகேஜிசேவ்’ என்ற பெயரில் ஒதுக்கிவிட்டுத் தன் கோப்பை வைத்துவிடும். மாஸ்டர்.பாஸ்வேர்ட், குரூப், எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் மூன்றும் அப்படி மாறினால், ரீபூட்டுக்குப் பிறகு உங்கள் பயனரே இருக்கமாட்டார், தொலைவிலிருந்து உள்நுழையவும் முடியாது. ரீபூட் செய்யும் முன்பே ‘.பிகேஜிசேவ்’ கோப்புகளைத் தேடி, இவற்றைத் திரும்ப வைத்து, ‘பிடபிள்யூடி_எம்கேடிபி’ ஓட்டுங்கள். பிகேஜிபேசிஃபை என்ற ஸ்கிரிப்ட் இந்த மாற்றத்தைத் தானே கவனித்துக்கொள்ளும். கையால் செய்வதைவிட அதையே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது: புது கெர்னலில் பூட் செய்து சோதித்துவிட்டு யூசர்லேண்டை நிறுவும் இடைவெளி இங்கே இயல்பாகக் கிடைப்பதில்லை, இரண்டும் ஒரே மூச்சில் இறங்கும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பின் மேலேயே நேரடியாக அப்கிரேட் செய்யக்கூடாது. பூட் என்விரான்மென்ட் (தனியாகப் பூட் செய்யக்கூடிய அமைப்பின் நகல்) வைத்துச் செய்ய வேண்டும். அந்த வசதியைத் தரும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை இல்லாத கணினியில், பழைய யூஎஃப்எஸ் மேல் மெயினை பேக்கேஜாக ஓட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பேக்கேஜ் வழியில் போனால் பைசெக்ட் இல்லை, கெர்னல் கான்ஃபிகை வெட்ட வழியில்லை, உங்கள் திருத்தத்தைச் சேர்க்கவும் முடியாது. இவை தேவைப்பட்டால் மூலநிரல் அடைவில் ‘மேக் பேக்கேஜஸ்’ கொடுத்து உங்களுக்கென்று ஒரு ரெப்போ உருவாக்கிக்கொள்ளலாம். பல கணினி வைத்திருப்பவர்களுக்கு இது மிக நல்ல ஏற்பாடு: வலுவான ஒரு கணினி தொகுக்கிறது, மற்றவை அதன் ரெப்போவிலிருந்து இறக்குகின்றன. பழைய முறையில் இதையே என்எஃப்எஸ் வைத்துச் செய்வார்கள். தொகுக்கும் கணினியின் /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சி, /யூஎஸ்ஆர்/ஓபிஜே இரண்டையும் அதே பாதையில் மற்றவற்றில் மவுண்ட் செய்து நிறுவல் கட்டளைகளை மட்டும் ஓட்டுவது. பாதை ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி தொகுக்கக் கிளம்பிவிடும்.

திரும்பும் வழி

இசட்எஃப்எஸ் மேல் நிறுவியிருந்தால் ‘பிஇசிடிஎல் கிரியேட்’ என்று ஒரு பெயர் கொடுத்தால் போதும், நொடியில் இப்போதைய அமைப்பின் நகல் தயார். அந்த நகலை ‘பிஇசிடிஎல் மவுண்ட்’ செய்து, அதற்குள் புதியதை நிறுவி, ‘பிஇசிடிஎல் ஆக்டிவேட் -டி’ (சிறிய எழுத்து t) கொடுத்தால் அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும் புதியது எழும். அது சரிவராமல் நின்றுவிட்டால் ரீபூட் செய்தாலே பழையது வந்துவிடும். தொலைவில் உள்ள சர்வருக்கு இதற்கு ஈடாக எதுவும் இல்லை. எல்லாம் சரி என்று தெரிந்தபின் ‘-டி’ இல்லாமல் நிலையாக இயக்கலாம். மூலநிரல் வழியில் போவோருக்கு ‘டூல்ஸ்/பில்ட்’ அடைவில் பிஇஇன்ஸ்டால் என்ற ஸ்கிரிப்டே இருக்கிறது. நகல் எடுப்பது, நிறுவுவது, கோப்பு இணைப்பது எல்லாவற்றையும் அது புது நகலுக்குள்ளேயே முடித்துவிடும்.

யூஎஃப்எஸ் என்றால் கையில் இருப்பது /பூட்/கெர்னல்.ஓல்ட் மட்டும். புது கெர்னல் பூட் ஆகாவிட்டால், கெர்னலை ஏற்றும் நிரலான லோடரின் மெனுவில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் புது கெர்னல் தட்டுத்தடுமாறி எழுந்து, அதிலிருந்தபடியே நீங்கள் இன்னொரு கெர்னலை நிறுவினால், அந்தத் தடுமாறும் கெர்னல்தான் ‘ஓல்ட்’ ஆகும், நல்லது அழிந்துபோகும். நன்றாக ஓடிய கெர்னலை முன்பே /பூட்/கெர்னல்.குட் என்று நகலெடுத்து வையுங்கள். யூசர்லேண்டுக்கு அங்கே திரும்பும் வழியே கிடையாது, முழு பேக்கப் ஒன்றுதான்.

இசட்எஃப்எஸ் தரும் இந்தப் பாதுகாப்பை ஒரே கட்டளையில் இழக்க முடியும்: ‘இசட்பூல் அப்கிரேட்’. பூல் என்பது இசட்எஃப்எஸ் தரவை வைத்திருக்கும் வட்டுத் தொகுதி. புது அமைப்பு ‘உங்கள் பூலில் சில வசதிகள் இயக்கப்படவில்லை’ என்று சொல்லும். அதைப் பார்த்து உடனே இயக்கினால் பழைய பூட் என்விரான்மென்ட் அந்தப் பூலைப் படிக்க முடியாமல் போகலாம். அதைவிட மோசமானது லோடர். இன்ஸ்டால்வேர்ல்ட் புது லோடரை /பூட் அடைவில்தான் வைக்கும். இஎஃப்ஐ பகிர்வில் (கணினி எழும்போது முதலில் படிக்கும் வட்டுப் பகுதி) உள்ள நகலை நீங்களேதான் மாற்ற வேண்டும். அது பழையதாகவே இருந்து, பூலில் அதற்குத் தெரியாத வசதி வந்துவிட்டால், கணினி லோடரைத் தாண்டாது. 2023 ஏப்ரலில் பிளாக் குளோனிங் வசதி மெயினுக்குள் வந்தபோது தரவு கெடும் பிழைகள் அதில் இருந்தன. பூலை அப்கிரேட் செய்யாமல் காத்திருந்தவர்களை அது தொடவில்லை. பிறகு வந்த 14.0 வெளியீட்டிலும் அந்த வசதி இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. பழைய நகல்கள் எதுவும் இனித் தேவையில்லை என்று உறுதியான பின், லோடரை மாற்றிவிட்டு, அதன்பிறகு அப்கிரேட் செய்யலாம்.

பேக்கேஜ்களும் டிரைவர்களும்

மெயினில் ஓடும் மடிக்கணினியில் பெரும்பாலும் முதலில் உடைவது கிராஃபிக்ஸ். அதன் டிரைவரான டிஆர்எம்-கேமோட் மாட்யூல், அடிப்படை அமைப்புக்கு வெளியே உள்ள கூடுதல் மென்பொருள் தொகுப்பான போர்ட்ஸிலிருந்து வருகிறது, கெர்னலின் உள் அமைப்போடு ஒட்டியிருப்பது. கெர்னல் மாறி மாட்யூல் மாறாவிட்டால், ஏற்றும் நொடியில் பேனிக் (கெர்னல் நொறுங்கி நிற்பது) ஆகலாம். /எட்சி/எஸ்ஆர்சி.கான்ஃபில் ‘போர்ட்ஸ்_மாட்யூல்ஸ்=கிராஃபிக்ஸ்/டிஆர்எம்-கேமோட்’ என்று எழுதினால், ஒவ்வொரு பில்ட்கெர்னலோடும் அதுவும் சேர்ந்து தொகுக்கப்படும். உங்கள் சிப்புக்கு ஏற்ற பதிப்பின் பெயரை அங்கே இடுங்கள். மூலநிரல் வழி பேக்கேஜ் வழியைவிடத் தெளிவாக மேலோங்கும் இடம் இது. பேக்கேஜ் வழியில் கெர்னல் இன்றையது, மாட்யூல் சில நாள் பழையது என்ற இடைவெளி அடிக்கடி வரும். மாட்யூலை ஆர்சி.கான்ஃபின் ‘கேஎல்டி_லிஸ்ட்’ வழியாக ஏற்றுங்கள். லோடர் கட்டத்திலேயே ஏற்றினால், பேனிக் ஆகும்போது சிங்கிள் யூசருக்குக்கூடப் போக முடியாது.

மற்ற பேக்கேஜ்களில், ‘நியூவர் ஃப்ரீபிஎஸ்டி வெர்ஷன்’ என்று பிகேஜி நிறுத்திக் கேட்டால், பேக்கேஜைத் தொகுத்த கணினி உங்களுடையதைவிடப் புதிய மெயினில் இருக்கிறது என்று பொருள். ‘இக்னோர்_ஓஎஸ்வெர்ஷன்=யெஸ்’ போட்டுக் கடந்துவிடலாம். ஆனால் அடிப்படை அமைப்பைப் புதுப்பிப்பதே சரியான மருந்து. 2023 ஜூனில் குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 மெயினுக்கு வந்தபோது, பழைய நூலகத்தை நம்பிய எல்லாப் பேக்கேஜும் மறுபடி தொகுக்கப்பட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட நேரத்தில் ‘மேக் டெலீட்-ஓல்ட்-லிப்ஸ்’ கட்டளையை அவசரப்பட்டு ஓட்டக்கூடாது. பேக்கேஜ்கள் எல்லாம் புது நூலகத்துக்கு மாறியபின் ஓட்டுங்கள். பிகேஜிபேஸில் பழைய நூலகங்கள் அப்கிரேடோடு போய்விடும். ‘பேக்கப்_லைப்ரரீஸ்’ அமைப்பை பிகேஜி.கான்ஃபில் இயக்கி வைத்திருந்தால் தப்பிக்கலாம்.

யாருக்கு எது

கெர்னலிலோ டிரைவரிலோ கை வைப்பவர், பிழையைத் துரத்திப் பிடிக்க விரும்புபவர்: மெயின், மூலநிரல், மெட்டா மோட், இசட்எஃப்எஸ். வாரம் ஒருமுறை புதுப்பித்தால் போதும். நீண்ட நாள் விட்டுவிட்டுப் புதுப்பிப்பதுதான் ஆபத்து. அப்டேட்டிங் குறிப்புகள் குவிந்துவிடும், உடைந்தால் பைசெக்ட் தேட வேண்டிய தூரமும் கூடும். புதுப்பிக்கும் நாளைத் தேர்ந்தெடுக்க வழியுண்டு: மெயினில் மாதக் கடைசியில் நிலைப்படுத்தும் வாரம் என்று ஒன்று வைத்து, குறிப்பிட்ட ஒரு கமிட்டைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அந்தப் புள்ளியில் நிற்பது, எங்கோ நடு வாரத்தின் நுனியில் நிற்பதைவிட நல்லது.

புது வன்பொருளுக்காக மட்டும் மெயின் வேண்டும், தொகுப்பதில் ஆர்வமில்லை என்பவருக்கு பிகேஜிபேஸ், அதிலும் வாராந்தர ரெப்போ. இசட்எஃப்எஸ் இங்கே கட்டாயம். தேவைப்பட்ட டிரைவர் அடுத்த வெளியீட்டில் வந்ததும் அந்த வெளியீட்டுக்கு இறங்கிவிட வேண்டும் என்று நினைப்பவர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். 16-கரண்டிலிருந்து 15-க்குக் கீழே இறங்க நேர்வழி இல்லை, மறுபடி நிறுவுவதுதான். ஆகவே, அந்த டிரைவர் ஸ்டேபிளுக்கு வந்துவிட்டதா என்று கமிட் குறிப்பில் முதலில் பாருங்கள். வந்திருந்தால் ஸ்டேபிளே போதும், அங்கிருந்து அடுத்த புள்ளி வெளியீட்டுக்கு ஏறுவது எளிது.

இணையத்துக்குத் திறந்திருக்கும் சர்வரில் மெயினை ஓட்ட நினைப்பவர் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். பாதுகாப்பு அறிவிப்புகள் ஸ்டேபிளுக்கும் ரெலெங்குக்கும் திருத்தத் தேதி, கமிட் எண்ணோடு வருகின்றன. மெயினுக்கு அப்படிப்பட்ட முறையான உறுதி இல்லை. திருத்தம் பெரும்பாலும் மெயினில் முதலில் வரும். ஆனால் நீங்கள் நிற்கும் புள்ளியில் அது இருக்கிறதா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அன்றைய நுனிக்கே போயாக வேண்டும், அன்றைக்கு அங்கே வேறு என்ன உடைந்திருந்தாலும்.

இதே குடும்பத்து இன்னொரு இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டியில் இந்தக் கேள்வியே வேறு மாதிரி. அங்கே ‘சிஸ்அப்கிரேட் -எஸ்’ என்ற ஒரே கட்டளை அன்றைய ஸ்நாப்ஷாட்டை (வளரும் கிளையின் ஆயத்தத் தொகுப்பு) இறக்கி நிறுவிவிடும். கரண்டைப் பின்தொடர மூலநிரலைத் தொகுக்காதீர்கள், ஸ்நாப்ஷாட்டையே பயன்படுத்துங்கள் என்பதுதான் அந்தத் திட்டத்தின் அறிவுரையும். ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு வருவதால் காத்திருப்பும் குறைவு. ஆனால் பூட் என்விரான்மென்ட் போன்ற ஏற்பாடு அங்கே இல்லாததால், ஸ்நாப்ஷாட் ஒத்துவராவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், அல்லது பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும்.

இப்போது யூஎஃப்எஸ் மேல் 14 ஓட்டிக்கொண்டு, மெயினுக்குப் போகலாமா என்று யோசிப்பவர் முதலில் தரவைப் பேக்கப் எடுத்து, இசட்எஃப்எஸ் மேல் புதிதாக நிறுவுவது நல்லது. மெயினுக்கான நிறுவல் படங்கள் வாரந்தோறும் வெளியாகின்றன, அதிலிருந்தே தொடங்கினால் 14-இலிருந்து இரண்டு பெருங்கிளை தாண்டி மூலநிரல் வழியாக ஏறும் சிரமம் மிச்சம். 32 பிட் இன்டெல் கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி மூடிவிட்டது. 15-இலிருந்து அந்தக் கட்டமைப்புக்கு வெளியீடே இல்லை, அவர்கள் ஸ்டேபிள்/14-இல் நிற்கலாம்.